மதுரைப் பேராசிரியரும் எங்கள் பிளாஸ்ரிக் பையும்



கடந்த சில வாரங்களுக்குள் மூன்று பெற்றோர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். ஒருவர் ஸ்டாலின்கிராட் மெற்றோவால் இறங்கி வரும்போது கேட்டார். இன்னொருவர் லாச்சப்பல் கடையில் மரக்கறி வாங்கும்போது கேட்டார். மூன்றாமவர் தொலைபேசியில் கேட்டார். "தம்பி, நீர் பிளாஸ்ரிக் பக்ரறியிலதானே வேலை செய்யிறீர். என்ர மகள் இரசாயனம் படிக்கப் போறன் எண்டு நிக்கிறாள். டொக்டருக்குப் படி எண்டால் கேக்கிறாள் இல்லை. அதைப் படிச்சு என்ன வேலை செய்யிறது?"

நின்ற நிலையில் மூவருக்கும் ஒழுங்கான பதில் சொல்ல நேரம் கிடைக்கவில்லை. ஆகவே இந்த மாதப் பக்கத்தை அதற்கே ஒதுக்கியிருக்கிறேன். நான் இரசாயனம் படித்தவன் அல்ல. சாதாரண தரத்தோடு பள்ளிக்கூடம் முடிந்து போனவன். ஆனால் பாரிஸின் புறநகரில், பிளாஸ்ரிக் வார்க்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் பல வருடங்களாக நிற்கிறேன். இரசாயனவியலாளர் எழுதி வைப்பதைக் கையால் செய்பவன் என்ற முறையிலும், தேடி வாசித்ததை வைத்தும் இதை எழுதுகிறேன்.

ஆலோசனை சொல்லும் இரசாயனவியலாளர்

எங்கள் தொழிற்சாலைக்கு வருடத்தில் இரண்டு மூன்று தடவை ஓர் அம்மையார் வருவார். அவர் எங்கள் முதலாளியும் அல்ல, எங்களோடு வேலை செய்பவரும் அல்ல. பல தொழிற்சாலைகளுக்குப் போய் ஆலோசனை சொல்லும் இரசாயனவியலாளர். ஒருமுறை நாங்கள் வார்த்த நைலோன் துண்டுகள் பெட்டிக்குள் போடும்போதே வெடித்தன. மேற்பரப்பில் வெள்ளிக் கோடுகள் போலத் தெரிந்தது. அச்சைக் கழற்றிப் பார்த்தார்கள். சூட்டைக் கூட்டியும் குறைத்தும் பார்த்தார்கள். சரிவரவில்லை.

அம்மையார் வந்தார். வந்தவுடன் எந்தக் கருவியையும் எடுக்கவில்லை. குறுணி மூட்டை எங்கே இருந்தது, எத்தனை நாள் திறந்து கிடந்தது, உலர்த்தும் பெட்டிக்குள் எத்தனை மணித்தியாலம் இருந்தது என்று இயந்திரத்தில் நின்ற எங்களைத்தான் கேட்டார். நைலோன் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் சாமான். ஈரத்தோடு உருக்கினால் அந்த நீர் நைலோனின் நீண்ட சங்கிலிகளை வெட்டிவிடும். பிறகு பொருள் நொறுங்கும். 80 பாகை சூட்டில் சில மணித்தியாலம் உலர்த்திவிட்டு வார்த்தோம். பிரச்சினை முடிந்தது.

இதுதான் அந்தத் தொழில். ஊரில் பரியாரியார் நாடி பிடித்துப் பார்த்து, என்ன சாப்பிட்டாய், எப்போது தொடங்கியது என்று கேட்பது போல, இவர்கள் பொருட்களுக்கு நாடி பிடிக்கிறார்கள். பூசிய நிறம் ஏன் உரிகிறது, ஒட்டிய பசை ஏன் விடுகிறது, போத்தலுக்குள் ஏன் மணம் வருகிறது, சாயம் ஏன் கழுவக் கழுவ வெளிறுகிறது என்பவைதான் இவர்களிடம் வரும் வருத்தங்கள். சோதனை செய்து அறிக்கை எழுதிக் கொடுப்பார்கள். வழக்கென்று வந்தால் நீதிமன்றத்தில் நிபுணராகச் சாட்சி சொல்பவர்களும் உண்டு. சிலர் தனியாகத் தொழில் நடத்துகிறார்கள். சிலர் பல்கலைக்கழகத்தில் படிப்பித்துக்கொண்டே இதையும் செய்கிறார்கள்.

கூழும் றப்பரும் பொலிதீனும்

இவர்கள் படிக்கும் பாடத்துக்கு எங்கள் பள்ளிப் புத்தகங்களில் இரண்டு பெயர்கள் இருந்தன. ஒன்று சேதன இரசாயனம், அதாவது காபன் சேர்ந்த பொருட்களின் இரசாயனம். மற்றது பல்பகுதியம். பெயரைக் கேட்டுப் பயப்படத் தேவையில்லை. ஒடியற் கூழ் காய்ச்சியவர்கள் எல்லோரும் பல்பகுதியத்தோடு பழகியவர்கள்தான். மாவைக் கரைத்து விடும்போது தண்ணீராக இருக்கும் கூழ் கொதித்ததும் தடிக்கிறது. ஏனென்றால் மாப்பொருள் என்பது சின்னச் சின்னக் குளுக்கோசுத் துணிக்கைகள் நூற்றுக்கணக்கிலும் ஆயிரக்கணக்கிலும் கைகோத்து நிற்கும் நீண்ட சங்கிலி. சூட்டில் அந்தச் சங்கிலிகள் விரிந்து, தண்ணீரையும் பிடித்துக்கொண்டு ஒன்றோடொன்று சிக்குகின்றன. பருத்தி நூலும் பனந்தும்பும் இப்படித்தான். பகுதி பகுதியாகச் சேர்ந்தது, ஆகவே பல்பகுதியம்.

றப்பரும் அப்படித்தான். பிரேசில் நாட்டு விதைகள் இலண்டன் கியூ பூங்காவில் முளைத்து, அந்தக் கன்றுகள் 1876இல் இலங்கையின் ஹெனரத்கொட தாவரவியற் பூங்காவுக்கு வந்தன. அதன் பிறகு எத்தனையோ தோட்டத் தொழிலாளர்கள் தினமும் விடியப் பால் வெட்டி, அதற்கு அசிட் விட்டு உறைய வைத்து, உருளையில் கொடுத்துத் தட்டையாக்கினார்கள். அதுவும் பல்பகுதிய வேலைதான். அந்த மக்களை ஒருவரும் இரசாயனத் தொழிலாளர் என்று அழைக்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

மனிதர் செய்யும் பிளாஸ்ரிக்கில் இரண்டு பெரிய சாதிகள் உண்டு. இது மட்டும் விளங்கினால் மீதிக் கதை சுலபமாக விளங்கும். ஒன்று பனங்கட்டி போன்றது. சூடாக்கினால் இளகும், ஆறினால் இறுகும், திரும்பவும் சூடாக்கினால் திரும்பவும் இளகும். கடைப் பை, யோகட் கிண்ணம், வாளி, நைலோன் எல்லாம் இந்த வகை. மற்றது சுட்ட செங்கல் போன்றது. ஒருமுறை சூட்டில் இறுகினால் இறுகினதுதான். மீண்டும் சூடாக்கினால் உருகாது, கருகும். சட்டிப் பிடி, பழைய மின்விளக்கு ஆளி, பல்ப் கொழுவும் கறுப்புக் கூடு எல்லாம் இந்த வகை.

சப்பாத்துத் தைப்பவரின் மகன்

அந்தக் கறுப்புக் கூடு ஊரில் எங்கள் எல்லோர் வீட்டிலும் இருந்தது. பேக்லைட் என்று சொல்வோம். அந்தப் பெயர் ஒரு மனிதரின் பெயர். அவரும் எங்களைப் போல ஊர்விட்டு ஊர் வந்தவர், அவரும் ஆலோசனை இரசாயனவியலாளராகத் தொழில் தொடங்கியவர் என்பதால் அவரைப் பற்றிச் சொல்லிவிட்டு மதுரைக்குப் போகிறேன்.

லியோ பேக்லாண்ட் 1863இல் பெல்ஜியத்தின் கென்ட் நகரில் பிறந்தார். தகப்பனார் சப்பாத்துத் தைப்பவர். தாயார் வீட்டு வேலை செய்தவர். பெடியன் மாநகரத் தொழில்நுட்பப் பாடசாலையில் மாலை வகுப்புக்குப் போய்ப் படித்தார். நகரத்தின் உதவிப் பணத்தில் பல்கலைக்கழகம் போய், 21 வயதில் கலாநிதிப் பட்டம் பெற்றார். 1889இல் படிப்புப் பயணமாக அமெரிக்கா போனவர் அங்கேயே தங்கிவிட்டார்.

சில காலம் புகைப்படக் கம்பனியொன்றில் வேலை செய்தபின், 1891இல் ஆலோசனை இரசாயனவியலாளராகத் தனியே தொழில் தொடங்கினார். ஒரே நேரத்தில் பல கண்டுபிடிப்புகளில் கை வைத்தார். ஒன்றும் முடியவில்லை. கைப்பணம் கரைந்தது, கடுமையான நோயும் வந்தது. படுக்கையில் கிடந்தபோதுதான், எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஒன்றை மட்டும் முடிப்பது என்று தீர்மானித்தார். அந்த ஒன்று, விளக்கு வெளிச்சத்திலேயே படம் அச்சிடக்கூடிய வெலோக்ஸ் என்ற புகைப்படத் தாள். 1899இல் அதை ஈஸ்ட்மன் கம்பனிக்கு விற்றார். கிடைத்த பணத்தில் வீட்டோடு ஓர் ஆய்வுகூடம் அமைத்து, பீனோலையும் போமல்டிகைட்டையும் சூட்டிலும் அமுக்கத்திலும் வைத்து, 1907இல் பேக்லைட்டைச் செய்தார். அதற்கு முன்னர் வந்த செலுலோயிட் போன்றவை பருத்தி போன்ற இயற்கைப் பொருளை மாற்றிச் செய்தவை. முழுக்க முழுக்க இரசாயனத்தாலே கட்டிய முதல் பிளாஸ்ரிக் பேக்லைட்தான்.

அவருக்குப் பின்னால் பொலிதீன் வந்தது, நைலோன் வந்தது. இரும்பும் பித்தளையும் வாங்க முடியாத வீடுகளுக்குள்ளும் வாளியும் குடமும் வந்தன. பிளாஸ்ரிக் குடம் வந்தபின் தலையில் மண்குடம் சுமந்த பெண்களுக்குப் பாரம் குறைந்தது என்பதை மறக்கக் கூடாது. ஆனால் பாவித்து முடிந்ததை என்ன செய்வது என்ற கேள்வியை அந்தக் காலத்தில் பெரிதாக ஒருவரும் கேட்கவில்லை. அந்தக் கேள்விக்கு ஒரு பகுதிப் பதிலைச் சொன்னவர்தான் மதுரைப் பேராசிரியர்.

தாருக்கும் பைக்கும் என்ன உறவு?

மதுரையில் தியாகராசர் பொறியியற் கல்லூரி என்று ஒன்று உண்டு. ஆலை அதிபரும் கல்வி வள்ளலுமான கருமுத்து தியாகராசச் செட்டியார் 1957இல் நிறுவியது. அங்கே இரசாயனப் பேராசிரியராக இருந்தவர் இராஜகோபாலன் வாசுதேவன். பொறியியற் கல்லூரியில் இரசாயனம் பக்கத்துப் பாடம்தான். எல்லோரும் இயந்திரமும் மின்சாரமும் கட்டடமும் படிக்க வருவார்கள். அப்படிப்பட்ட இடத்தில் இருந்துதான் இந்த வேலை நடந்தது.

2000ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் இந்தியாவில் பிளாஸ்ரிக் பைகளைத் தடை செய்யவேண்டும் என்ற குரல் பலமாக எழுந்தது. வாய்க்கால்கள் அடைபட்டன, மாடுகள் தின்று செத்தன, குப்பை மேடுகளில் பையைப் போட்டு எரித்தார்கள். வாசுதேவன் வேறு பக்கத்தால் யோசித்தார். ஏழைகளின் வீட்டிலும் பயன்படும் பொருளைக் குற்றம் சொல்வதைவிட, எறிந்த பையை எங்கே பயன்படுத்தலாம் என்று பார்த்தார். வீதிக்கு ஊற்றும் தார் பெற்றோலிய எண்ணெயில் இருந்து வருவது. பையின் பொலிதீனும் அதே எண்ணெயின் பிள்ளை. இரண்டும் பெரும்பாலும் காபனும் ஐதரசனும் சேர்ந்தவை. உறவுக்காரர் என்றால் ஒட்டுவார்கள்தானே.

செய்முறை இதுதான். வீதி போடும் சல்லிக் கல்லை வழமைபோல ஏறக்குறைய 160, 170 பாகைக்குச் சூடாக்குகிறார்கள். சிறு துணுக்குகளாக வெட்டிய பழைய பையை அந்தச் சூட்டுக் கல்லின்மேல் தூவுகிறார்கள். ஒரு நிமிடத்துக்குள் அது உருகி, கல்லைச் சுற்றி மெல்லிய தோல் போலப் படிகிறது. அதன்மேல் தாரை ஊற்றிக் கலக்கிறார்கள். புதிய இயந்திரம் தேவையில்லை. இருக்கிற கொட்டகை, இருக்கிற ஆட்கள், இருக்கிற உருளை போதும்.

பயன் என்ன? தார் வீதியின் முதல் எதிரி தண்ணீர். கல்லுக்கும் தாருக்கும் இடையில் தண்ணீர் புகுந்தால் தார் கல்லை விட்டுவிடும். மழை முடிய வீதியில் குழி விழுவது இதனாலேதான். யாழ்ப்பாணத்தில் மாரி முடிந்ததும் சைக்கிள் ஓடியவர்களுக்கு இதைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. பிளாஸ்ரிக் தோல் போர்த்திய கல்லின் நுண்துளைகளுக்குள் தண்ணீர் இலகுவில் புகாது. தாரும் அந்தத் தோலோடு இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். கணக்கும் இலாபம்தான். 3.75 மீற்றர் அகலமான ஒரு கிலோ மீற்றர் வீதிக்குச் சுமார் 10 தொன் தார் வேண்டும். இந்த முறையில் 9 தொன் தாரும் ஒரு தொன் பழைய பிளாஸ்ரிக்கும் போதும். ஒரு தொன் என்றால் ஏறக்குறைய 10 லட்சம் கடைப் பைகள்.

2002இல் முதலில் தமது கல்லூரி வளவுக்குள்ளேயே ஒரு துண்டு வீதி போட்டுப் பார்த்தார்கள். அதே ஆண்டில் சென்னை ஜம்புலிங்கம் தெருவிலும் போட்டார்கள். சில ஆண்டுகள் கழித்து இந்தியாவின் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் இப்படியான வீதிகளைப் பரிசோதித்தபோது, குழி விழாமலும் பள்ளம் அமுங்காமலும் அவை தாங்கி நின்றதைக் கண்டது. 2006இல் கல்லூரிக்குக் காப்புரிமை கிடைத்தது. காப்புரிமை கையில் இருந்தும், வாசுதேவன் அந்த முறையை அரசாங்கம் காசில்லாமல் பயன்படுத்த விட்டார். 2013இல் இந்திய வீதிக் காங்கிரஸ் இதற்கு ஒழுங்கு விதிகளை எழுதியது. 2015 நவம்பரில், 5 லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் நகரங்களைச் சுற்றி 50 கிலோ மீற்றருக்குள் போடும் வீதிகளில் பழைய பிளாஸ்ரிக்கைச் சேர்க்கவேண்டும் என்று இந்திய அரசு பணித்தது. 2018இல் வாசுதேவனுக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

இதில் எனக்குப் பிடித்த விடயம் இன்னொன்று உண்டு. தமிழ்நாட்டில் பல ஊர்களில் பெண்களின் சுய உதவிக் குழுக்கள் பழைய பிளாஸ்ரிக்கைச் சேர்த்து, துப்புரவாக்கி, இயந்திரத்தில் வெட்டி, வீதி வேலைக்கு விற்றார்கள். நேற்றுவரை குப்பை என்று எறிந்தது அவர்கள் கையில் கூலியாக மாறியது. பேராசிரியர் புதிதாக ஒரு பொருளையும் கண்டுபிடிக்கவில்லை. பை ஏற்கெனவே இருந்தது, கல் இருந்தது, தார் இருந்தது. எது எந்தச் சூட்டில் என்ன செய்யும் என்ற அறிவு மட்டும்தான் அவர் கொடுத்தது. மகளின் படிப்பைப் பற்றிக் கேட்ட பெற்றோருக்கு நான் சொல்ல விரும்பியது இதைத்தான். இரசாயனம் படித்த பிள்ளை ஊருக்கு முன்னால் நிற்கும் ஒரு பிரச்சினையைத் தீர்க்க முடியும். வைத்தியர் ஒருவரின் நோயைத் தீர்ப்பது போலத்தான் இதுவும்.

எல்லாப் பிளாஸ்ரிக்கும் ஒன்றல்ல

பேராசிரியரின் முறையில் ஒரு கண்டிப்பான விதி உண்டு. பி.வி.சி. சேர்க்கக் கூடாது. பி.வி.சி.க்குள் குளோரீன் இருக்கிறது. அளவுக்கு மிஞ்சிச் சூடாக்கினால் ஐதரோகுளோரிக் அசிட் ஆவி கிளம்பும். அது கண்ணையும் தொண்டையையும் நெஞ்சையும் எரிக்கும். தண்ணீர்ப் போத்தல் செய்யும் பெற் என்ற பிளாஸ்ரிக் 250 பாகையை அண்டித்தான் உருகும் என்பதால் அந்தக் கல்லுச் சூட்டில் அது படியாது. பேக்லைட் வகையோ உருகவே உருகாது. ஆகவே எது எது என்று பிரித்தறிவதில்தான் முழு வேலையும் தங்கியிருக்கிறது.

பிரித்தறிய வழி ஒன்று உண்டு. போத்தலின் அடியில், அம்புக்குறி முக்கோணத்துக்குள் ஓர் இலக்கம் இருக்கும். 1 என்றால் பெற். 2 என்றால் கடினப் பொலிதீன், பால் போத்தலும் சவர்க்காரப் போத்தலும். 3 என்றால் பி.வி.சி. 4 என்றால் மெல்லிய பொலிதீன், பை. 5 என்றால் பொலிபுரோப்பிலீன், பல சாப்பாட்டுப் பெட்டிகள். 6 என்றால் பொலிஸ்ரைரீன், பல யோகட் கிண்ணங்கள். 7 என்றால் மற்றவை. 2, 4, 5, 6 வீதிக்கு உதவும். 3 உதவாது.

இது எங்களைப் போன்ற தொழிலாளருக்கும் வெறும் பொது அறிவு அல்ல. எங்கள் இயந்திரங்களில் பி.வி.சி. அளவுக்கு மிஞ்சிச் சூடானால் முதலில் மஞ்சளாகும், பிறகு மண்ணிறமாகும், மூக்கில் குத்தும் மணம் வரும். அந்த நேரம் குனிந்து பார்க்கக் கூடாது. சூட்டைக் குறைத்து, காற்றோட்டத்தைத் திறந்து, பொறுப்பானவரைக் கூப்பிடவேண்டும். பி.வி.சி. ஓடிய உருளைக்குள் அசிற்றல் எனப்படும் பிளாஸ்ரிக்கைத் துப்புரவாக்காமல் போடுவது அதைவிட ஆபத்து. இரண்டும் சந்தித்தால் போமல்டிகைட்டு வாயு கிளம்பி, உருகிய பிளாஸ்ரிக் வெளியே வீசப்படலாம்.

பிரான்சில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் தம்பிமார், தங்கச்சிமார், அக்காமார் இந்தப் பகுதியைக் கவனமாக வாசியுங்கள். துப்புரவு வேலை, சலவை வேலை, நிறம் பூசும் வேலை, உணவகத்தில் கழுவும் வேலை, எதுவாக இருந்தாலும் பொருந்தும். நீங்கள் தொடும் கானிலும் பீப்பாவிலும் சிவப்புக் கரையிட்ட சாய்சதுர அடையாளங்கள் இருக்கும். தீச்சுவாலை என்றால் தீப்பற்றும். கையிலும் உலோகத்திலும் துளி விழும் படம் என்றால் தோலையும் கண்ணையும் அரிக்கும். மண்டையோடு என்றால் நஞ்சு. நெஞ்சில் நட்சத்திரம் வெடித்தது போன்ற மனித உருவம் என்றால் காலம் போகப் போக உடலைக் கெடுக்கும், சில வேளைகளில் புற்றுநோய்வரை கொண்டுபோகும். மணம் இல்லை என்பதற்காக அதை லேசாக எடுக்க வேண்டாம்.

ஒவ்வொரு ஆபத்தான பொருளுக்கும் பாதுகாப்புத் தகவல் தாள் ஒன்று உண்டு. பிரெஞ்சில் பிஷ் து செக்குயுரித்தே என்று கேளுங்கள். அதிலுள்ள தகவலைத் தொழிலாளி அறியச் செய்வது சட்டப்படி முதலாளியின் கடமை. இன்ரெறிம் மூலம் போகிறவர்களும் கேட்கலாம். மொழி விளங்காவிட்டால் படம் எடுத்துக்கொண்டு வந்து, லிசேயில் படிக்கும் பிள்ளையிடம் கொடுங்கள். தலைச்சுற்று, இருமல், கைத்தோல் வெடிப்பு தொடர்ந்தால் வேலைத்தல வைத்தியரிடம் அந்தப் பெயரைச் சொல்லுங்கள். "ஏதோ மருந்துத் தண்ணி" என்று சொன்னால் அவராலும் ஒன்றும் செய்ய முடியாது. பொருளின் பெயர் தெரிந்தால்தான் நோய்க்கும் பெயர் வைக்கலாம்.

வீதி போட்டால் எல்லாம் சரியா?

பேராசிரியரின் வேலையைப் புகழ்ந்ததால், இனி எவ்வளவு பையையும் எறியலாம் என்று எடுத்துவிடாதீர்கள். வாகனங்கள் ஓட ஓட வீதி தேயும். அந்தத் தேய்மானத்தில் நுண்ணிய பிளாஸ்ரிக் துகள்கள் மண்ணுக்கும் தண்ணீருக்கும் போகுமா என்று ஆய்வாளர்கள் கேள்வி எழுப்பி வருகிறார்கள். அவருடைய சொந்த மாநிலமான தமிழ்நாடே 2019 ஜனவரி 1 முதல், ஒருமுறை பாவித்து எறியும் 14 வகைப் பிளாஸ்ரிக் பொருட்களைத் தடை செய்தது. பிரான்சில் 2016 யூலை 1 முதல் கடைக் காசாளர் மேசையில் கொடுக்கும் மெல்லிய பிளாஸ்ரிக் பை தடை. 2017 ஜனவரி 1 முதல் மரக்கறி, பழத்துக்குக் கொடுக்கும் மெல்லிய பிளாஸ்ரிக் பையும் தடை. இப்போது கிடைக்கும் பச்சை எழுத்துப் பையின் ஒரு பகுதி மாப்பொருளில் இருந்து செய்யப்படுகிறது, வீட்டு உரக் குவியலில் உக்கக்கூடியது. கூழைத் தடிக்கவைக்கும் அதே மாப்பொருள்தான். அந்தப் பையைச் செய்பவரும் ஒரு பல்பகுதிய இரசாயனவியலாளர்தான். ஆகவே உங்கள் பிள்ளைகளுக்கு இந்தத் துறையில் இன்னும் நிறைய வேலை இருக்கிறது.

படிப்பதற்கு வழிகள்

லிசேயில் தொழிற்படிப்புப் பக்கம் போகும் பிள்ளைக்கு பிளாஸ்ரிக், கொம்பொசித் என்ற பக் புரோ உண்டு. பக் முடித்தவர்களுக்கு இதே துறையில் இரண்டு வருட பே.தே.எஸ். உண்டு. இரசாயனத்துக்கென்றும் தனியாக பே.தே.எஸ். உண்டு. பல்கலைக்கழகத்தின் ஐ.யு.தே.யில் மூன்று வருட இரசாயனப் படிப்பு உண்டு. இவற்றில் பலவற்றை அல்த்தெர்னான்ஸ் முறையில், பாதி நேரம் படிப்பும் பாதி நேரம் வேலையுமாக, மாதச் சம்பளத்தோடு படிக்கலாம். வாடகை கட்டத் திணறும் குடும்பங்களுக்கு இது பெரிய உதவி. நல்ல புள்ளி எடுக்கும் பிள்ளைக்கு மேலே பொறியியற் பாடசாலைகள் இருக்கின்றன. பாரிஸ் நகரசபை 1882இல் தொடங்கிய பௌதிக, இரசாயனத் தொழிற் பாடசாலை லத்தீன் குவாட்டருக்குப் பக்கத்தில் இருக்கிறது. 1898இல் மரி கியூரியும் பியர் கியூரியும் றேடியத்தைக் கண்டுபிடித்தது அந்தப் பாடசாலை வளவில்தான். பல்பகுதியங்கள் பற்றிய வேலையும் சேர்ந்து 1991இல் நோபல் பரிசு பெற்ற பியர் கில் து ஜென் அதன் பணிப்பாளராக இருந்தவர். பரிசு கிடைத்தபின் அவர் நாடு முழுக்கப் பாடசாலை பாடசாலையாகப் போய் மாணவர்களோடு பேசினார்.

பெரியவர்களான எங்களுக்கும் வழி இல்லாமல் இல்லை. 1794இல் பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் தொடங்கிய க்னாம் என்ற கல்வி நிறுவனம், வேலை செய்பவர்களுக்கு மாலையிலும் சனிக்கிழமையிலும் வகுப்பு நடத்துகிறது. ஸ்டாலின்கிராட்டில் 5ஆம் இலக்க மெற்றோ எடுத்து ரிப்பப்ளிக்கில் இறங்கி, 11ஆம் இலக்கத்துக்கு மாறினால் அடுத்த தரிப்பு ஆர் எ மெத்தியே. அங்கேதான் அதன் பழைய கட்டடம். செய்த வேலையின் அனுபவத்தையே காட்டித் தகுதிப் பத்திரம் பெறும் வழியையும் பிரான்ஸ் 2002இல் சட்டமாக்கியது. வீ.ஏ.ஈ. என்று சொல்வார்கள். இரண்டுக்கும் முதலில் பிரெஞ்சு வேண்டும். மொழி வகுப்பைப் பாதியில் விடாதீர்கள் என்று நான் ஒவ்வொரு மாதமும் எழுதுவது இதற்காகத்தான்.

ஊரில் உயர்தரத்தில் இரசாயனம் படித்து, பரீட்சை எழுதாமலே இடம்பெயர்ந்து, இன்று உணவகங்களில் கோப்பை கழுவும் எத்தனையோ பேரை எனக்குத் தெரியும். அவர்களில் சிலர் தங்கள் பழைய படிப்பைப் பற்றிப் பேசவே கூச்சப்படுகிறார்கள். கூச்சப்பட ஒன்றுமில்லை. பிள்ளை வீட்டுப்பாடம் செய்யும்போது பக்கத்தில் இருந்து, காபனுக்கு எத்தனை கை, ஒட்சிசனுக்கு எத்தனை கை என்று தமிழில் சொல்லிக் கொடுங்கள். நாலு கையும் இரண்டு கையும் எந்த மொழியிலும் நாலும் இரண்டும்தான்.

இந்தக் கிழமை குப்பையை மஞ்சள் மூடித் தொட்டிக்குள் போடுவதற்கு முன்னர், பிள்ளைகளோடு இருந்து ஒவ்வொன்றின் அடியிலும் உள்ள இலக்கத்தைப் பார்த்துப் பிரித்துப் பாருங்கள். எந்த இலக்கம் அதிகம் வந்தது என்று எனக்கு எழுதி அனுப்புங்கள். வரும் கடிதங்களை வைத்து இன்னொரு முறை எழுதுவேன்.

அடுத்த மாதம், பலர் கேட்டபடி, சம்பளத் துண்டை வாசிப்பது எப்படி, அதில் வெட்டும் காசு எங்கே போகிறது என்று பார்ப்போம்.

அதுவரை வணக்கம்.